ரீல்ஸ் தள்ளும் விரல் ஏன் நிற்பதில்லை?

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் வரைக்கும் பார்க்கலாம்?" சமூக ஊடகப் பழக்கத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே முதலில் வந்து விழும் கேள்வி இது. ஓர் எண்ணைச் சொல்லிவிட்டால் கேட்டவருக்கு நிம்மதிதான். ஆனால் அந்த எண் பெரிதாக எதையும் காட்டிக்கொடுக்காது. சவுகார்பேட்டையில் மொத்தமாகப் புடவை எடுத்து வீட்டிலிருந்தே இன்ஸ்டாகிராமில் விற்கும் ஒருவர் தினமும் ஐந்து மணி நேரம் அந்தச் செயலியில்தான் கிடப்பார். படம் போடுவது, விலை சொல்வது, கூரியர் நம்பர் அனுப்புவது என்று எல்லாமே பிழைப்பு. பிளஸ் டூ படிக்கும் பையன் மொத்தமே ஒன்றரை மணி நேரம்தான் பார்க்கிறான். ஆனால் அது நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை. காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்து ஏழு மணி வேனைப் பிடித்தாக வேண்டும். கவலைப்பட வேண்டியது இந்தப் பையனைப் பற்றி.

ஆகவே கேட்க வேண்டியவை வேறு. நினைத்துத் திறந்தாரா, கை தானாகப் போய்த் திறந்ததா? மூட நினைத்தபோது மூட முடிந்ததா? அந்த நேரம் எதிலிருந்து எடுக்கப்பட்டது? மனநலத் துறையினர் பார்ப்பதும் ஏறக்குறைய இதைத்தான். நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகத்தில் 2012-இல் ஃபேஸ்புக்குக்கென்று ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். பிறகு எல்லாச் சமூக ஊடகங்களுக்கும் அதை விரித்தார்கள். மொத்தம் ஆறு கேள்விகள். எந்நேரமும் அதே நினைப்பா, முன்பைவிட அதிகம் பார்த்தால்தான் திருப்தியா, மனக்கஷ்டத்தை மறக்க அதைத் திறக்கிறீர்களா, குறைக்கப் பார்த்து முடியாமல் போனதா, கிடைக்காவிட்டால் எரிச்சல் வருகிறதா, வேலையோ படிப்போ கெட்டதா. கடந்த ஓராண்டை மனதில் வைத்து ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போட வேண்டும். எத்தனை மணி நேரம் என்ற கேள்வி இந்த ஆறில் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப்பட்டியலில் வீடியோ கேம் பழக்கம் நோயாக இடம்பெற்றிருக்கிறது. சமூக ஊடகப் பழக்கம் தனி நோயாக அதில் இல்லை. எனவே "எங்க பையன் இன்ஸ்டா அடிக்ட்" என்று சொந்தக்காரர்கள் முன்னால் முத்திரை குத்துவது அவசரம். பட்டியலில் பெயர் இல்லாததால் தொல்லையே இல்லை என்றும் ஆகிவிடாது. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸில் 2014 முதல் இதுபோன்ற தொழில்நுட்பப் பழக்கங்களுக்கென்றே 'ஷட்' என்ற தனி கிளினிக் நடந்துவருகிறது.

அடுத்தது நல்லதாக இருக்குமோ

மூளையில் சுரக்கும் டோபமினை 'இன்ப ரசாயனம்' என்று எழுதி எழுதியே விஷயத்தின் பாதி மறைந்துபோனது. நரம்பியல் விஞ்ஞானி வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் செய்த சோதனைகளும், அவற்றை விளக்கி 1997-இல் வெளியான கட்டுரையும் சொல்வது சற்று வேறு. எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு கிடைத்தால் டோபமின் நரம்பணுக்கள் துடிக்கின்றன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று பழகிய பிறகு சாறு வரும்போது துடிப்பு இல்லை. விளக்கு எரியும்போதே வந்துவிடுகிறது. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால் துடிப்பு வழக்கத்துக்கும் கீழே இறங்குகிறது. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அந்த அணுக்கள் கணக்கு வைக்கின்றன. போனில் அந்த விளக்கின் வேலையை நோட்டிஃபிகேஷன் சத்தமும் சிவப்புப் புள்ளியும் செய்கின்றன. திறந்து பார்த்தால் ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். ஆனால் கை ஏற்கெனவே நீண்டாயிற்று.

இதோடு உளவியலாளர் ஸ்கின்னர் 1950-களில் புறாக்களிடம் கண்டதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எத்தனையாவது கொத்துக்குத் தானியம் விழும் என்று தெரியாத புறாதான் விடாமல் கொத்தியது. தானியத்தை நிறுத்திய பிறகும் நெடுநேரம் கொத்திக்கொண்டிருந்தது. பத்து ரீல்ஸில் ஏழு சுமார், இரண்டு பரவாயில்லை, ஒன்று வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கும். அந்த ஒன்று எத்தனையாவதாக வரும் என்று தெரியாததால்தான் விரல் நிற்பதில்லை. அதிலிருக்கும் சுமாரான ஏழும் இந்த ஏற்பாட்டுக்குத் தேவை.

நிறுத்துவதற்கான இடங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போனதும் இதே காலத்தில்தான். அடிப்பக்கம் முடிவே இல்லாமல் நீளும் ஸ்க்ரோலை ஏசா ராஸ்கின் 2006-இல் வடிவமைத்தார். அதற்கு முன் 'அடுத்த பக்கம்' என்று ஒன்றைத் தட்ட வேண்டியிருந்தது. அந்த ஒரு நொடி, போதும் என்று நினைக்க இடம் கொடுத்தது. ஃபேஸ்புக்கின் லைக் பொத்தான் 2009-இல் வந்தது. இன்ஸ்டாகிராமில் 2016 வரை படங்கள் நேர வரிசையில் வந்தன. நேற்றுப் பார்த்த படம் கண்ணில் பட்டதும் 'அவ்வளவுதான், பார்த்தாயிற்று' என்று தெரிந்துவிடும். அந்த வரிசையைக் கலைத்து, நமக்குப் பிடிக்கும் என்று அல்காரிதம் கணிப்பதை முன்னால் வைத்தபிறகு 'பார்த்து முடித்தேன்' என்ற நிலையே அரிதாகிவிட்டது. 2020 ஜூன் இறுதியில் இந்தியாவில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. அடுத்த மாதமே ரீல்ஸ் இங்கே இறங்கியது. அதிலிருந்து தெரிந்தவர் போட்டதைப் பார்ப்பது குறைந்து, முன்பின் தெரியாதவர் போட்டதைப் பார்ப்பது கூடியிருக்கிறது.

மழை நாளில் மட்டும் வேறு கணக்கு

"எல்லாவற்றையும் டெலீட் பண்ணு" என்ற அறிவுரை சென்னையில் எடுபடாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எந்தத் தெருவுக்குப் படகு வேண்டும், எங்கே சாப்பாடு கிடைக்கிறது என்பதெல்லாம் வாட்ஸ்அப்பிலும் ட்விட்டரிலும்தான் ஓடியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் மாட்டிக்கொண்டவர்களுக்கும் அப்படித்தான். தண்ணீர் லாரி எப்போது வரும், மோட்டார் ரிப்பேரா என்பதற்கும் அபார்ட்மென்ட் குரூப். பள்ளிக்கு லீவா இல்லையா என்பதற்கும் ஒரு குரூப்.

பழக்கம் முற்றுவதும் இந்த நிஜமான தேவையின் நிழலில்தான். நவம்பர் இரவில் காற்றழுத்தத் தாழ்வு நிலை எங்கே போகிறது என்று பார்க்கத் திறந்தவர், செம்பரம்பாக்கத்தைத் திறந்துவிட்டார்கள் என்று யாரோ போட்ட பழைய வீடியோவைப் பார்த்துப் பதறி, அது உண்மையா என்று தேடி, நடுவில் நாலு மீம் பார்த்து, ஒன்றரை மணிக்குப் படுக்கிறார். புயல் உருவான பிறகு வானிலை ஆய்வு மையம் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை அறிக்கை வெளியிடும். இரண்டு அறிக்கைகளுக்கு நடுவே முப்பது முறை திறந்தாலும் புதிதாக உறுதியான தகவல் அதிகம் கிடைக்காது. பதற்றம் மட்டும் முப்பது மடங்கு புதுப்பிக்கப்படும். மழை நாட்களில் அந்த அறிக்கை நேரத்துக்கு மட்டும் திறப்பது என்று வைத்துக்கொண்டால் தகவலும் தவறாது, தூக்கமும் போகாது.

மனதுக்கு என்ன ஆகிறது

இந்த விஷயத்தில் மிகைப்படுத்துபவர்கள் அதிகம். ஆய்வுகள் சொல்வதை நேராகச் சொன்னால், சராசரியாகப் பார்க்கும்போது பாதிப்பு சிறியது. ஆனால் எல்லாருக்கும் ஒரே அளவு இல்லை. நெதர்லாந்தில் 63 பதின்பருவத்தினரை அவர்கள் போன் பார்க்கும் நாளிலேயே பலமுறை கேட்டுச் செய்த ஆய்வு 2020-இல் வெளியானது. மற்றவர்கள் போட்டதைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்த பிறகு 46 சதவீதத்தினருக்கு மனநிலை மேம்பட்டது, 44 சதவீதத்தினருக்கு மாற்றமில்லை, 10 சதவீதத்தினருக்கு மோசமானது. நாற்பது பேர் உள்ள வகுப்பறை என்றால் அந்தக் கடைசிக் கூட்டம் நாலு பேர். சராசரி எடுத்தால் அந்த நாலு பேர் கண்ணுக்கே தெரிய மாட்டார்கள்.

குறைத்தால் பலன் உண்டா? பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களிடம் நடத்தி 2018-இல் வெளியான ஆய்வில், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் மூன்றையும் தினம் தலா பத்து நிமிடத்துக்குக் குறைத்தவர்களுக்கு மூன்று வாரத்தில் தனிமையுணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. அமெரிக்காவில் 2018 தேர்தலுக்கு முன் நாலு வாரம் ஃபேஸ்புக்கை மூடிவைத்தவர்களுக்குத் தினமும் சுமார் ஒரு மணி நேரம் மிச்சமானது, மனநிலையும் கொஞ்சம் தேறியது, கூடவே நாட்டுநடப்புச் செய்தி தெரிவதும் குறைந்தது. லாபமும் நஷ்டமும் கலந்த முடிவு.

காரணம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதும் சிக்கல். ஏற்கெனவே மனச்சோர்விலோ பதற்றத்திலோ இருப்பவர்தான் அதிகம் போனுக்குள் ஒளிந்துகொள்கிறார். ஒளிந்த இடத்தில், கூடப் படித்தவன் கனடா போனதும், தங்கச்சி தோழியின் வளைகாப்பும், யாரோ ஒருத்தியின் ஒல்லியான இடுப்பும் வரிசையாக வருகின்றன. ஒப்பிட்டுப் பார்த்து இன்னும் சுருங்கி, அந்தச் சுருக்கத்தை மறக்க மறுபடியும் ஸ்க்ரோல். பெர்கன் கேள்விகளில் மூன்றாவதுக்கு, அதாவது கஷ்டத்தை மறக்கத் திறப்பதற்கு, அதிக மதிப்பெண் விழுந்தால் நேரத்தைக் குறைப்பதைவிட அந்தக் கஷ்டம் என்னவென்று பார்ப்பதுதான் முதல் வேலை.

முதலில் பறிபோவது தூக்கம்

சமூக ஊடகம் மனதைக் கெடுக்கும் வழிகளில் மிக நேரானது தூக்கம். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரவுக்கு ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போனால் திங்கள் முதல் வெள்ளி வரை ஏழரை மணி நேரம். வாரத்துக்கு ஒரு முழு ராத்திரித் தூக்கம் காலி. பதின்பருவத்தினருக்கு 8 முதல் 10 மணி நேரமும் பெரியவர்களுக்கு 7 மணி நேரத்துக்குக் குறையாமலும் தூக்கம் வேண்டும். அது குறைந்தால் அடுத்த நாள் எரிச்சல், மறதி, சின்ன விஷயத்துக்கும் அழுகை. வீட்டில் இதைப் 'போன் பார்த்துக் கெட்டுப்போன குணம்' என்கிறார்கள். பல நேரம் அது வெறும் தூக்கக் குறைவு.

நீல ஒளிதான் காரணம் என்று எல்லாரும் சொல்லி, மஞ்சள் வடிகட்டி போட்டுவிட்டு நிம்மதியாக ஸ்க்ரோல் செய்கிறார்கள். ஒளிரும் திரையில் படித்தவர்களை அச்சுப் புத்தகம் படித்தவர்களோடு ஒப்பிட்ட 2015 ஆய்வு ஒன்றில், தினமும் நாலு மணி நேரம் படித்தும் தூக்கம் வரத் தாமதமானது சுமார் பத்து நிமிடம். இரவில் ஒன்றரை மணி நேரம் போவதற்கு அந்தப் பத்து நிமிடத்தைக் குறைசொல்லிப் பயனில்லை. போனைக் கீழே வைக்காததுதான் தாமதம். வைத்த பிறகும், பார்த்த சண்டையும் கமெண்ட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருப்பது அதற்கு மேல்.

யார் இப்படி முழித்திருக்கிறார்கள் என்று பார்த்தால் சோம்பேறிகள் இல்லை. பதினோரு மணிக்குப் பாத்திரம் கவிழ்த்து, மாவை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு உட்காரும் பெண்ணுக்கு நாளில் அது ஒன்றுதான் சொந்த நேரம். ஓஎம்ஆரில் அமெரிக்க ஷிஃப்ட் முடித்து அதிகாலை மூன்றரைக்கு கேபில் வருபவருக்குப் பேச வேறு ஆளில்லை. இவர்களிடம் 'பத்து மணிக்குப் படு' என்பது கேலி. கடிகார நேரத்துக்குப் பதிலாகப் படுக்கும் நேரத்துக்கு முந்தைய நாற்பது நிமிடம் போன் இல்லை என்று அவரவருக்குக் கணக்கு வைப்பதுதான் சரி. அதைவிட முக்கியம், அந்தச் சொந்த நேரத்தை எட்டரைக்கே கொடுக்க வீட்டில் வேறு யாராவது பாத்திரம் கழுவுவது.

பகலில் ஏற்படும் பாதிப்பு அவ்வளவு நாடகத்தனமாக இருக்காது. போன் பயன்பாட்டைக் கணக்கெடுக்கும் டிஜிட்டல் வெல்பீயிங்கில் ஒருவரின் அன்லாக் எண்ணிக்கை 130 என்று வைத்துக்கொள்வோம். 16 மணி நேரம் விழித்திருந்தால் ஏழு நிமிடத்துக்கு ஒரு முறை. யுபிஐ, மேப், ஆட்டோ புக்கிங் என்று நாற்பதைக் கழித்தாலும் தொண்ணூறு மீதி. நீட் படிப்போ கோடிங்கோ, இருபது நிமிடமாவது தொடர்ந்து உட்கார வேண்டிய எதையும் இந்த இடைவெளியில் செய்ய முடியாது. திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது குறைவதால் கண் காய்ந்து எரிவது தனிக்கதை.

போனில் மாற்ற வேண்டியவை, அவை எங்கே பிசகும்

முதல் வாரம் எதையும் குறைக்க வேண்டாம். பார்க்க மட்டும் செய்யுங்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ் போய் டிஜிட்டல் வெல்பீயிங், ஐபோனில் ஸ்கிரீன் டைம். மொத்த நேரத்தை விடுங்கள். எந்தச் செயலி எத்தனை முறை திறக்கப்பட்டது, எந்த மணிக்கு என்ற இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்களுக்குச் சிக்கல் ஒன்றிரண்டு செயலியிலும், நாளில் ஒன்றிரண்டு வேளையிலும்தான் குவிந்திருக்கும்.

ஆப் டைமர் போடுவதைத்தான் எல்லாரும் முதலில் செய்கிறார்கள், அதில்தான் தோற்கிறார்கள். ஐபோனில் எல்லை முடிந்ததும் 'இன்றைக்கு விட்டுவிடு' என்பதைத் தட்டித் தாண்டிவிடலாம். பாஸ்கோடை வீட்டில் வேறொருவர் வைத்தால்தான் அது எல்லை. இன்னொரு ஓட்டையை யாரும் கவனிப்பதில்லை. ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் இந்த டைமர் நள்ளிரவில் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். பதினொன்றரைக்கு முப்பது நிமிடம் தீர்ந்தவருக்குப் பன்னிரண்டு அடித்ததும் புதிதாக முப்பது நிமிடம் கிடைக்கிறது. ஆகவே டைமரோடு பெட்டைம் மோடையோ டவுன்டைமையோ இரவு பத்தரை முதல் காலை ஆறு வரை சேர்த்துப் போட வேண்டும்.

அதைவிட நன்றாக வேலை செய்வது போன் படுக்கையறைக்கு வராமல் இருப்பது. சார்ஜரை ஹாலிலோ சமையலறையிலோ நிரந்தரமாக மாட்டிவிடுங்கள். "அலாரத்துக்கு வேணுமே" என்பது உடனே வரும் சாக்கு. பாரிமுனையில் சில நூறு ரூபாய்க்கு அலாரம் கடிகாரம் கிடைக்கிறது. "ஊர்ல அப்பாவுக்கு உடம்பு சரியில்ல, ராத்திரி கூப்பிட்டா?" என்பது நியாயமான கேள்வி. டூ நாட் டிஸ்டர்ப் போட்டு, முக்கியமானவர்களை அனுமதிப் பட்டியலில் சேர்த்து, சத்தத்தை முழுதாக வைத்துவிடுங்கள். பட்டியலில் இல்லாதவரும் அவசரமென்றால் எட்டிவிடலாம்: 'ரிபீட் காலர்' வசதி இயங்கினால் ஆண்ட்ராய்டில் 15 நிமிடத்துக்குள், ஐபோனில் 3 நிமிடத்துக்குள் வரும் இரண்டாவது அழைப்பு மணியடிக்கும்.

ஒரு செயலியை நீக்கினால் அதன் இடத்தை இன்னொன்று பிடித்துக்கொள்ளும். இன்ஸ்டாவை எடுத்தவர் மூன்றாம் நாள் யூடியூப் ஷார்ட்ஸில் இருப்பார். யூடியூப்பில் வாட்ச் ஹிஸ்டரியை நிறுத்தி, பழைய ஹிஸ்டரியையும் அழித்துவிட்டால் ஹோம் பக்கம் காலியாகிவிடும். வேண்டியதைத் தேடித்தான் பார்க்க வேண்டும். பாடம் படிக்கும் மாணவருக்கு இது போதும். இன்ஸ்டாகிராமில் பரிந்துரைப் பதிவுகளை 30 நாள் நிறுத்திவைக்கலாம். முப்பதாம் நாள் அது சத்தமில்லாமல் திரும்பிவிடும், காலண்டரில் குறித்துவைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் குடும்பக் குரூப்பிலிருந்து வெளியேறினால் பெரியம்மா கோபித்துக்கொள்வார், தேவையில்லை. மியூட் செய்து ஆர்க்கைவில் போட்டால் புது மெசேஜ் வந்தாலும் மேலே ஏறி வராது.

திறக்கும் முன் சில நொடி நிறுத்திவைக்கும் செயலிகளும் இருக்கின்றன. அப்படி ஒன்றை 280 பேரிடம் ஆறு வாரம் சோதித்து 2023-இல் வெளியிட்டார்கள். அந்தச் சின்னத் தாமதத்திலேயே 36 சதவீத முறை பயனர்கள் 'வேண்டாம்' என்று மூடிவிட்டார்கள். மனஉறுதியைச் சோதிக்காமல், காணாமல் போன நிறுத்தத்தைத் திருப்பி வைப்பதால் இது வேலை செய்கிறது. முதல் சில நாள் கை பரபரக்கும், போன் அதிராமலே அதிர்ந்ததுபோல் இருக்கும். அதற்காக நிறுத்திவிட வேண்டாம்.

பிள்ளைகளிடம் போனைப் பிடுங்குவது வழக்கமாகத் தோற்கும். அவர்களின் நண்பர்கள் வட்டம் முழுவதும் அதற்குள் இருக்கிறது. பிடுங்கினால் இரண்டாவது அக்கவுன்ட்டும் நண்பன் போனும் வரும். இரவு ஹாலில் சார்ஜ் போடும் விதி அப்பா அம்மா போனுக்கும் பொருந்தும் என்றால் சண்டை பாதியாகும். அந்தரங்கப் படத்தைக் காட்டி யாராவது மிரட்டுகிறார்கள் என்று தெரிந்தால் அன்று பழக்கத்தைப் பற்றித் திட்டக் கூடாது. மெசேஜ்களை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் பேசுங்கள். பணம் மட்டும் அனுப்பாதீர்கள், மேலும் கேட்பார்கள்.

எப்போது டாக்டரிடம்

இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வும் எதிலும் பிடிப்பின்மையும் இருந்தால், பள்ளிக்கோ வேலைக்கோ போவது நின்றால், போனை வாங்கும்போது கைநீட்டும் அளவுக்குக் கோபம் வந்தால், சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால், செட்டிங்ஸ் மாற்றிப் பார்க்கும் கட்டம் தாண்டிவிட்டது. கடைசியாகச் சொன்னதற்கு ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளும் இருக்கின்றன.

போகும்போது இரண்டு வாரத்து ஸ்கிரீன் டைம் ஸ்கிரீன்ஷாட்டும், எப்போது படுத்தார், எப்போது எழுந்தார் என்ற குறிப்பும் எடுத்துப் போங்கள். மனச்சோர்வு, பதற்றக் கோளாறு, கவனக்குறைவுக் கோளாறு ஆகியவற்றில் ஏதாவது அடியில் இருக்கிறதா என்று டாக்டர் தேடுவார். இருந்தால் முதலில் அதற்குத்தான் சிகிச்சை. 'இவன் எந்நேரமும் போன்லயே இருக்கான் டாக்டர்' என்பதைவிட, 'மார்ச்சிலிருந்து தூங்குவது நாலரை மணி நேரம், அதற்கு முன் ஏழு' என்பது அவருக்கு நிறையச் சொல்லும்.